வெள்ளைக்கு அடியில் ஒரு பேரு

அண்ணாச்சி, இந்த வண்டி திசையன்விளைக்குத்தானே போகுது? போர்டுல அப்படித்தான் போட்டிருந்தது. இருந்தாலும் கேட்டுக்கிடுதேன். இன்னைக்கு என் கண்ணை நானே நம்புறதா இல்ல. நீங்களும் அங்கதான் போறீயளா? நல்லதாப் போச்சு. மூலைக்கரைப்பட்டியில ரொம்ப நேரம் போட்ருவானோ? டீ குடிக்க இறங்குவாவளா. இறங்கட்டும். நான் என்ன, பின்னால நின்னு தள்ளவா முடியும்.

காலு ஆடுறதப் பாக்கீயளா? மன்னிச்சுக்கிடுங்க. காலையில இருந்து இப்படித்தான் ஆடுது, கையால அமுக்கிப் பிடிச்சாலும் நிக்க மாட்டேங்கு. சீக்கு ஒண்ணும் கிடையாது. பயம். வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், பயம்தான்.

நீங்க என்ன தொழில் பாக்கீய? முருங்கைக்காய் ஏவாரமா? அது நல்ல தொழிலு அண்ணாச்சி. காய் அழுகிட்டா தூக்கி வெளிய போட்ருவீய, சோலி முடிஞ்சுது. எங்க தொழில்ல தூக்கிப் போடறதுங்கதே கிடையாது. மூடிருவோம்.

நான் சங்கரன்கோவில்ல டிசைனிங் கடை வச்சிருக்கேன். பேரு வண்ணமுத்து. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, போஸ்டர், பில் புக்கு, எது கேட்டாலும் கம்ப்யூட்டர்ல அடுக்கி பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். அடுக்குறதுன்னு ஏன் சொல்லுதேன்னா, நீங்க ஒரு பத்திரிகையக் கையில வாங்கினா ஒரே தாளுன்னு நினைப்பீய. அப்படி இல்ல. அடியில ஒரு நிறம், அதுமேல பூ, பூவுக்கு மேல பிள்ளையாரு, அவருக்குக் கீழ எழுத்து, எழுத்து தலையில புள்ளி. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கும். மேல உள்ளது தெரியும், அடியில உள்ளது தெரியாது. தெரியாதே தவிர எங்கயும் போயிராது, அங்கனயேதான் கிடக்கும்.

ஒரு வரி தப்பாப் போச்சுன்னு வைங்க. புதுசாப் படிச்சிட்டு வந்த பையன்னா அதை அழிச்சிட்டுத் திரும்ப அடிப்பான். அழிச்சா பக்கத்துல உள்ளது நகரும், பூ கலையும், கோடு கோணும். நான் என்ன செய்வேன், அந்த வரி மேல வெள்ளையா ஒரு பெட்டியப் போட்டு, பெட்டி மேல புது வரிய வச்சிருவேன். முடிஞ்சுது. பாக்கிறவனுக்குத் தாளோட வெள்ளைக்கும் என் பெட்டியோட வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. எங்க ஊர்ல சுவத்துக்குச் சுவரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாப்பீய, முக்காவாசி நம்ம கடையில உள்ளதுதான். எல்லாத்துக்கும் ஒரே ஃபைலு. பழைய ஆளு போட்டோவ எடுக்க மாட்டேன், அதுமேலயே அடுத்த ஆள வச்சிருவேன். ஒருநா கம்ப்யூட்டரு ரொம்பத் திணறுதேன்னு ஒவ்வொரு போட்டோவா நகத்திப் பாக்கேன், அடியில ஊர்ச் சுடுகாடே படுத்துக் கிடக்கு. சிரிக்கீய. நல்லாச் சிரிங்க. நானும் அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

பேச்சிதான் ஏசுவா. "ஏண்ணே, அழிச்சா என்ன குறைஞ்சு போச்சு?"ம்பா. பேச்சி என் தங்கச்சி. பேச்சியம்மாள். பேருதான் பேச்சி, வீட்ல நாலு வார்த்தை சேந்தாப்ல பேச மாட்டா. கடையில எனக்கு வலது கை அவதான். ப்ரூஃப் பாக்கிறதுல அவள மாதிரி ஆளு கிடையாது. எழுத்துல ஒரு புள்ளி ஒரு மயிரிழை தள்ளி உக்காந்தாக்கூடக் கண்டுபிடிச்சிருவா. "அண்ணே, இந்தப் புள்ளி தலையில இல்ல, தோள்ல இருக்கு"ம்பா. எங்க ஐயா போன பிறகு நான்தான் அவளுக்கு ஐயா. அம்மை இருக்கா, இருந்தாலும் முடிவெடுக்கிறதெல்லாம் நான்தான். அவளுக்கு ஒரு நல்லது நடக்கணும்னுதான் அண்ணாச்சி நான் இந்தப் பாடு படுதேன். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க.

மறுபடி அடிச்சுப் பாக்கேன், இருங்க. ம்ஹூம். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்காவ. பேச்சிக்குப் பாத்திருக்க மாப்ளை வீட்டுக்குத்தான். அவர் அம்மை, அத்தை போனும் எடுக்கல, மாப்ளை போனும் எடுக்கல. ஏன் எடுக்கல? நீங்க என்ன நினைக்கீய? தோட்டத்துக்குப் போயிருக்கலாம், இல்லையா? போயிருக்கலாம்.

விசயத்துக்கு வாரேன். பேச்சிக்குப் போன வருசம் ஒரு இடம் அமைஞ்சுது. கடையத்துப் பையன், பேரு சிவனணைந்தபெருமாள். பழைய காலத்துப் பேரு, தாத்தா பேரு போட்டிருக்காவ. தங்கமான பையன் அண்ணாச்சி, அதையும் சொல்லணும். நிச்சயம் ஆன பிறகு தினம் போன் பண்ணுவாரு. வாயத் தொறக்காத பிள்ளை மச்சிப்படியில உக்காந்து சிரிக்கிற சத்தம் கீழ வரைக்கும் கேக்கும். நாங்க யாரும் மேல போக மாட்டோம், அம்மையும் நானும் டிவியக் கூட்டி வச்சுக்கிடுவோம்.

பத்திரிகைய நானும் அவளுமாச் சேந்து டிசைன் பண்ணினோம். என் வாழ்க்கையிலயே நான் பண்ணின நல்ல டிசைன் அதுதான். அதுல மாப்ளை பேர மட்டும் என்னையத் தொடவே விடல. அவளே அடிச்சா. நீளமான பேருலா, அதை மாலை மாதிரி வளைச்சு, ஒவ்வொரு எழுத்தையும் தனியாத் திருப்பி, புள்ளியக்கூடத் தனித்தனியா எடுத்து தலையில வச்சு, பூவோட சேத்துப் பூட்டி வச்சிட்டா. ஒரு நாள் பூரா அந்த ஒரு பேருக்கே போச்சு. நான்கூடக் கேலி பண்ணினேன். "ஏட்டி, மத்தவங்க பத்திரிகைக்கும் இப்படி வேலை பாத்தா கடை உருப்பட்ரும்"னேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். பத்திரிகை கொடுக்கப் போன பையன் அண்ணாச்சி. நாங்குநேரிப் பக்கம் நாலுவழிச் சாலையில, லாரி. அவ்வளவுதான். பையில இருந்த பத்திரிகை அம்புட்டும் ரோட்ல சிதறிக் கிடந்துச்சுன்னு பாத்தவன் சொன்னான். நான் அடிச்ச பத்திரிகை.

பையன் வீட்டுக்குத் துட்டி கேக்கப் போன இடத்துல ஒரு பொம்பளை, எங்க காதுபடவே, "தாலி ஏறுறதுக்கு முன்னாலயே முழுங்கிட்டாளே"ன்னா. பேச்சி பக்கத்துலதான் நிக்கா. எனக்கு அந்த இடத்துலயே ரத்தம் கொதிச்சுப் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன் அண்ணாச்சி. இந்தப் பேச்சு இவ பின்னால வரவே கூடாது. இனிமே அந்தப் பையன் பேர எங்க வீட்ல யாரும் எடுக்கக் கூடாது. அவ போன்ல இருந்த போட்டோவெல்லாம் நானே வாங்கி எடுத்துட்டேன். அம்மை அழுதா, அவளையும் அதட்டி வச்சேன். பேச்சி அழவே இல்ல. மறுவாரமே கடைக்கு வந்து ப்ரூஃப் பாத்தா. பிள்ளை தேறிட்டான்னு எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா.

உள்ளூர்ல மாப்ளை பாக்க முடியாது, எல்லாருக்கும் தெரியும். அதான் தரகர்கிட்டச் சொல்லி, அவர் வாயையும் கட்டிப் போட்டு, இவ்வளவு தூரம் தள்ளித் திசையன்விளையில பிடிச்சேன். லிங்கதுரைன்னு பேரு. உரக்கடை வச்சிருக்காரு. ஐயா கிடையாது, அம்மை மட்டும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அந்த அத்தை வெத்தலையப் போட்டுக்கிட்டே என்னையக் கூப்பிட்டு வச்சுக் கேட்டாவ. "தம்பி, பிள்ளைக்கு இதுக்கு முன்னால எங்கயும் பேசி நின்னுருக்கா? எதுன்னாலும் பரவால்ல, இப்பமே சொல்லிருங்க"ன்னாவ. நான் இல்லவே இல்லன்னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்லுதீய? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீயளா?

சரி, நீங்க சொல்லியிருப்பீய. உங்களுக்குத் தங்கச்சி இருக்கா? அதானே.

பேச்சிதான் பிடிவாதம் பிடிச்சா. "அவிய கிட்டச் சொல்லிரு அண்ணே. சொல்லிட்டு நடத்து"ன்னா. நான் முடியாதுன்னேன். ரெண்டு நா கழிச்சு மறுபடி வந்து நின்னா. "அப்ப நான் சொல்லுதேன்"னா. எனக்கு ஆத்திரம் வந்துட்டு. அம்மை தலையில அவ கையப் பிடிச்சு வச்சு சத்தியம் வாங்கிட்டேன், நீயா வாயத் தொறந்து இதைப் பத்தி அவிய கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு. சத்தியம் பண்ணிட்டா. பேச்சி சத்தியம் பண்ணினா மீற மாட்டா. அவ குணம் அப்படி.

பிறகு பத்திரிகை வேலை வந்துச்சு. மாப்ளை வீட்டுப் பத்திரிகையும் நானே அடிச்சுத் தாரேன்னுட்டேன், ஒரு பெருமைதான். புது டிசைன் போட எங்க நேரம்? போன வருசத்து ஃபைலு அப்படியே இருந்துச்சு. என்னோட நல்ல டிசைன்னு சொன்னேம்லா, அதான். தேதிய மாத்தினேன், மண்டபத்த மாத்தினேன், தாய் தகப்பன் பேரெல்லாம் மாத்தினேன். மாப்ளை பேரு மட்டும் பூவோட பூட்டிக் கிடந்துச்சா, அதை எடுத்தா பூவும் போயிரும். அதனால அழிக்கல. வேற காரணம் ஒண்ணும் கிடையாது. மேல ஒரு வெள்ளைப் பெட்டியப் போட்டு, லிங்கதுரைன்னு நேரா அடிச்சு வச்சேன்.

பேச்சி பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "அண்ணே, அவர் பேர அழிச்சிரு. இல்லேன்னா அவிய கிட்டச் சொல்லிரு. ரெண்டுல ஒண்ணு செய்யி. மூடி வைக்காத"ன்னா. நான் சொன்னேன், "ஏட்டி, உனக்கு எத்தனை தடவை சொல்ல, அழிச்சா பூ போயிரும்"னு. அவ போய் அவ சீட்ல உக்காந்துட்டா.

பிரஸ்ஸு சிவகாசியில. ஃபைல அனுப்பச் சொன்னேன், அவதான் அனுப்பினா. "எல்லாம் பாத்துட்டியா"ன்னேன். "பாத்துட்டேன்"னா. அவ பாத்தா நான் பாக்கத் தேவையில்ல. அதுக்கு முன்னால பிரிண்டர்ல ஒண்ணு எடுத்துப் பாத்தோம், சுத்தமா இருந்துச்சு. லிங்கதுரை வெட்ஸ் பேச்சியம்மாள். கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருந்துச்சு. மாப்ளை வீட்டுப் பத்திரிகைக் கட்டை பிரஸ்ல இருந்து நேரா பார்சல்ல போடச் சொல்லிட்டேன். எங்க கட்டு இன்னைக்குக் காலையில கடைக்கு வந்துச்சு. பிரிச்சேன்.

அண்ணாச்சி, வெள்ளைங்கது ஒரு நிறமா? சொல்லுங்க பாப்போம். எல்லாரும் நிறம்னுதான் நினைப்பாவ. கிடையாது. பிரஸ்ல வெள்ளை மை கிடையாது. வெள்ளைன்னா அந்த இடத்துல அடிக்காதன்னு அர்த்தம். அடியில உள்ளதை வெட்டிரு, தாள் தெரியட்டும்னு அர்த்தம். ஆனா ஒரு இடத்துல ஓவர்பிரிண்ட்னு ஒரு டிக்கு இருக்கு. அதைத் தட்டி விட்டுட்டா, அடியில உள்ளதை வெட்டாத, அதுமேலயே அடின்னு போயிரும். கறுப்பு எழுத்துக்கெல்லாம் தட்டி விடுவோம், அது நல்லதுதான். வெள்ளைப் பெட்டிக்குத் தட்டி விட்டா என்னாகும்? வெள்ளை மைதான் கிடையாதே. பெட்டி ஆவியாப் போயிரும். அடியில மூடி வச்சது அம்புட்டும் அப்படியே மேல வந்துரும். இதுல கொடுமை என்னன்னா, திரையில பாத்தா பெட்டி இருக்கும், நம்ம பிரிண்டர்லயும் இருக்கும், பிரஸ்ல அடிக்கிறதுக்குப் போடுற ப்ளேட்டுலதான் இருக்காது. கடைசி நிமிசம் வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது.

இதோ பாருங்க. ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். கண்டக்டரு பாக்காம இப்படித் திருப்பிப் பிடிங்க.

நடுவுல ஒரே கூட்டம், ரெண்டு பேரும் கட்டிப் புரளுற மாதிரி கிடக்கு. லிங்கதுரை சின்னப் பேருலா, அது மூடல. இந்த ஓரத்துல பாருங்க, "சிவன". அந்த ஓரத்துல என்ன இருக்கு, படிங்க. "மாள்". தனியாத் தெரியுது, பளிச்சுன்னு, புள்ளி தலையில உக்காந்திருக்கு. மாள்னா செத்துப்போன்னு அர்த்தம், உங்களுக்கு நான் சொல்லணுமா? கல்யாணப் பத்திரிகையில, மாப்ளை பேருக்குப் பக்கத்துல, மாள்! பாத்ததும் தரையில உக்காந்துட்டேன். செத்துப் போனவன் எழுந்திரிச்சு வந்து தன் பேருல பாதிய மட்டும் காட்டிட்டு நிக்கான்.

பிரஸ்காரன் கிட்ட கத்தினேன். என்னவெல்லாமோ ஏசினேன், இங்க சொல்லக் கூடாது. அவன் நிதானமாச் சொல்லுதான், "அண்ணே, நீங்க தந்த ஃபைலத்தான் ப்ளேட் போட்டேன். வெள்ளைப் பெட்டிக்கு ஓவர்பிரிண்ட் உங்க ஃபைல்லயே தட்டி இருக்கு"ன்னு. நான் தட்டுவேனா? எனக்கென்ன பைத்தியமா? இவன்தான் மொத்தமா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டிக் அடிச்சிருப்பான், இப்ப என் தலையில கட்டுதான். இவன் கண்டி தப்பு பண்ணாம இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா? ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டான் பாவி.

பேச்சியப் பாருங்க, பச்சப் பிள்ளை. விசயத்தோட கனமே தெரியல அவளுக்கு. பத்திரிகைய வாங்கிப் பாத்தா. விரலால அந்த "மாள்" மேல ஒரு தடவு தடவினா. "இட்லி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போண்ணே"ங்கா. எனக்கு எங்க இறங்கும்? அதிர்ச்சியில பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுட்டோன்னு அது வேற பயம்.

வண்டி நிக்கு. மூலைக்கரைப்பட்டியா? அட, நிஜமாவே டீக்குத்தான் இறங்குதாவ. கடவுளே.

இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா அண்ணாச்சி. கட்டு நேத்து சாயங்காலமே அங்க போயிட்டுன்னு பார்சல் ஆபீஸ்ல சொல்லிட்டான். நல்ல நாள் பாத்து ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவி, மொதப் பத்திரிகையக் குலசாமிக்கு வச்சிட்டு, பிறகுதானே ஊருக்குக் கொடுப்பாவ. மஞ்சளு பட்டுட்டுன்னு வைங்க, அதுக்குப் பிறகு திரும்பத் தாங்கன்னு கேக்க முடியுமா? அபசகுனம்பாவ. தடவுறதுக்கு முன்னால நான் போயாகணும். போய், காகிதம் மட்டமா இருக்கு, நல்ல காகிதத்துல அடிச்சுத் தாரேன்னு சொல்லிக் கட்டை வாங்கிட்டு வந்துரணும். இல்லேன்னா எழுத்துப் பிழைன்னு சொல்லட்டுமா? எது நம்புற மாதிரி இருக்கு? காகிதம்னே சொல்லுதேன். பிழைன்னா எங்கன்னு பிரிச்சுப் பாப்பாவ.

இந்தக் கல்யாணமும் நின்னுட்டுன்னா பேச்சி கதி என்னாகும், யோசிச்சுப் பாருங்க. ரெண்டாவது தடவை. அந்தப் பொம்பளை சொன்னதை ஊரே சொல்லும். நான் செத்துருவேன் அண்ணாச்சி. நிசமாச் சொல்லுதேன், உயிரோட இருக்க மாட்டேன்.

வாராவ வாராவ. ஏறிட்டாவ. போப்பா, போ.

போனு! இருங்க. மாப்ளை. மாப்ளைதான் கூப்பிடுதாரு. கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி.

மாப்ளே, வணக்கம் மாப்ளே... ஆமா, உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்... இட்டமொழி இன்னும் வரல... எது? ... எந்தப் பேரு மாப்ளே? ... ஓ, அதுவா! அதைச் சொல்லத்தான் நானே நேர்ல வாரேன். பிரஸ்காரன் பண்ணின கூத்து மாப்ளே. வேற ஏதோ பார்ட்டியோட பத்திரிகைய நம்ம பத்திரிகை மேலயே அடிச்சுத் தொலைச்சிட்டான்... யாரோ என்னவோ, எனக்கு அப்படி ஒரு ஆளயே தெரியாது... சத்தியமா மாப்ளே... பேச்சிக்கா? அவளுக்கு எப்படித் தெரியும்? ... ஆமா... ஆமா மாப்ளே. அத்தையை மஞ்சள் மட்டும் தடவிர வேண்டாம்னு... ஹலோ? ஹலோ?

வச்சிட்டாரு. "சரி மச்சான்"னு சொல்லிட்டு வச்சிட்டாரு. அண்ணாச்சி, நம்பிட்டாரு! குரல்ல ஒரு கோவம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கேட்டாரு, சொன்னேன், சரின்னுட்டாரு. வேற பார்ட்டின்னு எனக்கு எப்படி வாயில வந்துச்சு பாத்தீயளா? காகிதத்தை விட இது எம்புட்டோ மேல. சங்கரலிங்க சாமிதான் நாக்குல வந்து உக்காந்தாரு. பாருங்க, காலு நின்னுட்டு. நின்னே போச்சு. தண்ணி வச்சிருக்கீயளா, ஒரு வாய் தாங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி இறங்கல.

ஏன் அப்படிப் பாக்கீய? சந்தோசமான விசயம்லா இது. நீங்க ஒரு மாதிரியாப் பாக்கீயளே.

இந்தா, பேச்சியும் கூப்பிடுதா. நல்ல சேதிய அவகிட்டயும் சொல்லிருதேன். ஏட்டி, எல்லாம் சரியாப் போச்சு, மாப்ளை இப்பதான்... என்ன? ... ஆமா, பேசினாரு... நான் என்ன சொன்னேனா? பிரஸ்ஸுல தப்புன்னு... ஏன், வேற என்ன சொல்ல? ... யாரு? ... யாரு தட்டினா? ... ஏட்டி, விளையாடாத... எப்ப? ... எல்லாத்தையுமா? ... அழாதட்டி. அழாத. நான்... வச்சிராத, பேச்சி. பேச்சி.

அண்ணாச்சி.

அவதானாம். ஃபைல அனுப்புறதுக்கு முன்னால அந்த ஒரு பெட்டிய மட்டும் செலக்ட் பண்ணி அவதான் தட்டி விட்டாளாம். "பிரஸ்காரர ஏசாத அண்ணே, நான்தான்"ங்கா. ஏன்னு கேட்டேன். "நீயா வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம் வாங்கின. பத்திரிகையைப் பாத்துட்டு அவரா கேப்பாருன்னு இருந்தேன். நேத்துக் கேட்டாரு. சொன்னேன்"ங்கா. எல்லாத்தையும் சொல்லிட்டா. கடையம், நிச்சயம், லாரி, துட்டி வீட்ல அந்தப் பொம்பளை சொன்னது வரைக்கும். எனக்குத் தெரியாம எம்புட்டு வைராக்கியமா உக்காந்து, எனக்குப் பக்கத்து சீட்ல, ஒரே ஒரு டிக்கு. நான் "எல்லாம் பாத்துட்டியா"ங்கேன், "பாத்துட்டேன்"ங்கா.

அவிய ஒண்ணும் கோவிக்கலையாம் அண்ணாச்சி. அதைக் கேளுங்க முதல்ல. அத்தை அந்தப் பையனுக்காக அழுதாவளாம். "பெத்தவ எப்படித் தாங்கினாளோ"ன்னாவளாம். பேச்சிகிட்ட, "உன் மேல ஒரு குறையும் இல்ல தாயி"ன்னாவளாம். "நீ மறந்துரு"ன்னுகூடச் சொல்லல, "மறக்க வேண்டாம்"னு சொன்னாவளாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காவ. "நான் அன்னைக்கு முகத்தப் பாத்துக் கேட்டேன், உங்க அண்ணன் இல்லவே இல்லன்னாரு. அவர் வாயால ஒரு தடவை உண்மையச் சொல்லட்டும். எனக்கு அது போதும். இவர நம்பித்தான் நாங்க சம்பந்தம் வைக்கோம்"னு. அதுக்குத்தான் காலையில இருந்து போன எடுக்கல. நான் வருவேனா, வந்து என்ன சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. பேச்சிகிட்டயும், அண்ணன்கிட்ட முந்திச் சொல்லிராதன்னுட்டாவளாம். மாப்ளைதான் பொறுக்க மாட்டாம, மச்சான் சொல்லிருவாரும்மான்னு அவராக் கூப்பிட்டிருக்காரு. எனக்கு ஒரு வாய்ப்பு தாராராம். நான் என்ன சொன்னேன்? நீங்க கேட்டீயளே. உங்க காதாலயே கேட்டீயளே, ஆளயே தெரியாதுன்னு சத்தியம் பண்ணினேன்.

சரின்னுட்டு வச்சாரே, அந்தச் சரிக்கு அர்த்தம் இப்பம்லா புரியுது.

இன்னும் போகல. முழுசாப் போகல. பேச்சி அழுதுக்கிட்டே சொன்னா, "அத்தை இன்னும் மஞ்சக் கிண்ணத்தோடதான் உக்காந்திருக்காவண்ணே. நீ நேர்ல போய்ச் சொல்லிரு. சொல்லிட்டா தடவிருவாவ. இல்லேன்னா கட்டை உன் கையில கொடுத்து விட்ருவாவ. அண்ணே, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு"ன்னா. ஒரு வருசமா வாயத் தொறக்காத பிள்ளை அண்ணாச்சி. பிடிச்சிருக்குன்னு சொல்லுதா.

இட்டமொழி தாண்டிட்டா? எப்பம் தாண்டிச்சு? அப்பம் என்ன, இன்னும் கொஞ்ச நேரம்தான். என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லிக் கொடுங்க. "இவ்வளவு நேரம் என்கிட்டச் சொன்னீயளே, அதையே அங்க போய்ச் சொல்லுங்க"ங்கீய. உங்ககிட்டச் சொல்லலாம். நீங்க இறங்கிச் சந்தைக்குப் போயிருவீய. நாளைக்கு உங்க மூஞ்சில நான் முழிக்க வேண்டாம்.

இருங்க, சொல்லிப் பாக்கேன். நீங்கதான் அத்தைன்னு வச்சுக்கிடுங்க. "அத்தே, போன வருசம் பேச்சிக்கு ஒரு இடத்துல சும்மா ஒரு பேச்சு அடிபட்டுது." இல்ல. சும்மா பேச்சு இல்லையே, நிச்சயமே ஆச்சே. "அத்தே, நிச்சயம் மாதிரி ஒண்ணு ஆச்சு." நிச்சயம் மாதிரியா? ச்சே. "அத்தே, நான் உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்." அதுவும் பொய். பாருங்க, வாயத் தொறந்தா வேற எதுவும் வர மாட்டேங்கு.

நேராச் சொல்லணும். "அத்தே, பேச்சிக்கு சிவனணைந்தபெருமாளோட நிச்சயம் ஆச்சு. அவரு செத்துப் போயிட்டாரு. நான் மறைச்சேன்." மூணே வரி. இதுல என்ன கஷ்டம்? எத்தனை ஆயிரம் வரி அடிச்சிருக்கேன். "அத்தே, பேச்சிக்கு சிவனணைந்தபெருமாளோட நிச்சயம் ஆச்சு. அவரு செத்துப் போயிட்டாரு. நான் மறைச்சேன்." வந்துட்டு. கேட்டீயளா, வந்துட்டு அண்ணாச்சி. இதையே சொல்லிக்கிட்டு இறங்கிருதேன். வேற எதையும் நினைக்கக் கூடாது.

இதா திசையன்விளை? அங்க பாருங்க, வேப்பமரத்துக்கு அடியில. மாப்ளை நிக்காரு. பக்கத்துல அத்தை. வெயில்ல கொடை பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாவ. அத்தை கையில பத்திரிகை இருக்கு. கட்டு இல்ல, ஒண்ணுதான். பாத்துட்டாவ, என்னையப் பாத்துட்டாவ. வாரேன் அண்ணாச்சி. கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்க. பேச்சிக்கு சிவனணைந்தபெருமாளோட நிச்சயம் ஆச்சு, அவரு செத்துப் போயிட்டாரு, நான் மறைச்சேன். பேச்சிக்கு நிச்சயம் ஆச்சு, அவரு செத்துப் போயிட்டாரு, நான். கண்டக்டரே, ஆள் இறங்கணும், ஆள் இறங்கணும்.

மாப்ளே, வணக்கம். அத்தே, வாங்க, இந்த வெயில்ல ஏன் நீங்க வந்தீய? ... இந்தப் பேரா? அது ஒண்ணுமில்ல அத்தே. பிரஸ்ஸுல நடந்த தப்பு.